காக்கிச் சட்டையில் ஒரு முஸ்லிம்

ஒரு சமுதாயத்தைப் பற்றிப் பிறர் என்ன எண்ணுகின்றனர் என்பதை அறியப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. அவர்கள் கட்டும் கதைகளில் அச்சமுதாயத்தவனுக்கு எந்த இடம் தரப்படுகிறது என்று பார்த்தாலே போதும். அவன் வாசலோடு நிறுத்தப்படுகிறானா, திண்ணையில் உட்கார்த்தப்படுகிறானா, உள்வீட்டுப் பந்தியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறானா என்பது அங்கே தெரிந்துவிடும். நம் வீடுகளிலும் இளைஞர்கள் பலர் பார்த்துப் பேசிய ஒரு தொடரை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய்வோம்.

'பாதாள் லோக்' என்னும் இந்தித் தொடர் 2020 மே மாதம் அமேசான் பிரைம் தளத்தில் வெளிவந்தது. அதன் இரண்டாம் பருவம் 2025 ஜனவரியில் வந்தது. ஆக்கியவர் சுதீப் சர்மா. கொலையும் குருதியும் வசைச் சொற்களும் மிகுந்த தொடர் இது. குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கத் தக்கதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது கடமை. ஆயினும் அதன் நடுவே நின்று நம் மனத்தைத் தொடுவது இரு காவலர்களின் தோழமை. ஒருவர் ஹாத்திராம் சௌத்ரி. தில்லியில் யமுனைக்கு அப்பால் உள்ள ஒரு காவல் நிலையத்தில் பதவி உயர்வின்றிக் காலம் தள்ளும் முரட்டு ஆய்வாளர். மற்றவன் இம்ரான் அன்சாரி. அவருக்குக் கீழே பணிபுரிந்துகொண்டே குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் முஸ்லிம் இளைஞன். ஜெய்தீப் அஹ்லாவத்தும் இஷ்வாக் சிங்கும் இவ்வேடங்களை மெய்யென நம்பும்படி நடித்திருக்கின்றனர்.

பொருந்தாத இருவரை ஒரே வண்டியில் ஏற்றிவிடுவது உலகெங்கும் உள்ள பழைய கதை உத்தி. அதன் இனிமையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, 1994 முதல் 1999 வரை ஒளிபரப்பான 'டியூ சவுத்' என்னும் கனடா நாட்டுத் தொலைக்காட்சித் தொடர். தந்தையைக் கொன்றவர்களைத் தேடிப் பனிநிலத்திலிருந்து சிகாகோ நகருக்கு வருகிறான் பென்டன் ஃபிரேசர் என்னும் கனடா நாட்டுக் காவலன். சிவப்புச் சீருடை, காது கேளாத ஓர் ஓநாய், பொய் சொல்லத் தெரியாத நாக்கு ஆகிய மூன்றுமே அவன் உடைமை. அவனுக்குத் துணையாக வாய்க்கும் ரே வெக்கியோவோ இத்தாலியக் குடிவழியில் வந்தவன், பகட்டாக உடுத்துபவன், சட்டத்தைச் சற்று வளைத்தால் என்ன என்று கேட்பவன். ஃபிரேசர் கதவைத் தட்டி அனுமதி கேட்டுக்கொண்டிருப்பான். வெக்கியோ அதற்குள் பொறுமையிழந்து கத்திக்கொண்டிருப்பான். இதில்தான் தொடரின் நகைச்சுவை பிறக்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஃபிரேசர் குறையே இல்லாதவன். ஆனால் அந்தக் குறையின்மையைத் தொடர் வணங்குவதில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கிறது. அவனும் நாம் சிரிப்பதைப் பொருட்படுத்துவதில்லை. வெக்கியோவின் குறைகளைப் பார்த்தும் அதே அளவு சிரிக்கிறோம். சிரிப்பு இருவர்மீதும் சமமாக விழுகிறது. ஆகவே இருவரும் சமம் என்பதைத் தொடர் ஒரு சொல்லும் உபதேசிக்காமலே நாட்டிவிடுகிறது. கடைசியில் ஃபிரேசர் தன் தோழர்களுள் ஒருவனோடு வடபுலப் பனிவெளியில் பழைய பயணி ஒருவரின் சுவடு தேடிப் புறப்பட்டுப் போகிறான். இருவரும் உயிரோடுதான் போகின்றனர்.

இனி அன்சாரியிடம் வருவோம். இவனும் குறையற்றவன். கடமை தவறாதவன், அடக்கமானவன், படிப்பாளி. உடன் பணிபுரிவோர் அவன் காதுபடவே அவன் சமயத்தைக் குத்திப் பேசுகின்றனர். அவன் கோபத்தை விழுங்கிக்கொண்டு கோப்பைப் புரட்டுகிறான். ஃபிரேசரின் நேர்மை அவனுடைய இயல்பு. அன்சாரியின் நேர்மையோ மழைக்குப் பிடித்த குடை போன்றது. கொஞ்சம் சாய்ந்தாலும் நனைந்துவிடுவான் என்பது அவனுக்கும் தெரியும். கதை எழுதியவருக்கும் தெரியும்.

ஹாத்திராமுக்கு எத்தனை குறைகள்! மகனிடம் தோற்கிறார், மனைவியை அறைந்து, அவளிடம் அறையும் வாங்குகிறார், கைதிகளை அடிக்கிறார், சினம் தலைக்கேறினால் என்ன செய்கிறோம் என்பதை அறியார். அத்தனைக்கும் பிறகு நாம் அவரை நேசிக்கிறோம். குறையோடு சேர்த்து நேசிக்கப்படும் பேறு அவருக்கு வாய்த்திருக்கிறது. அவருடைய வீடும் மகனும் மைத்துனனும் கதையின் ஒரு பாதியையே எடுத்துக்கொள்கின்றனர். அன்சாரியின் வீட்டு வாசற்படியை நாம் மிதிப்பது அரிது.

இத்தொடரைக் குறை கூறுவது மட்டும் நம் நோக்கமன்று. தன் மகன் முஸ்லிம் என்று எவருக்கும் தெரியக் கூடாதென்று அஞ்சி அஞ்சி வளர்த்த தந்தையையும், அந்த மகனே இறுதியில் பயங்கரவாதி என்று முத்திரை குத்தப்படுவதையும் முதற் பருவத்தில் காட்டிய துணிவு பாராட்டுக்குரியது. இரண்டாம் பருவத்தில் அன்சாரி தேர்வில் வென்று உயர் அதிகாரியாக வருகிறான். ஹாத்திராம் பழைய நாற்காலியிலேயே இருக்கிறார். நேற்று ஏவல் கேட்டவன் இன்று ஏவும் நிலையில் இருக்கிறான். இருவருக்கும் கூச்சம், இருவருக்கும் பாசம். தொடரிலேயே மெல்லிய நகைச்சுவை இழையோடும் இடம் இதுதான். இனி இவர்கள் சமமாகச் சிரிப்பார்கள் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, நாகாலாந்து வழக்கின் நடுவே அன்சாரி கொல்லப்படுகிறான். கதையின் திருப்பத்தைச் சொல்லிவிட்டதற்கு வாசகர் பொறுத்தருள்க. அதைச் சொல்லாமல் இவ்வாதத்தை நடத்த வழியில்லை.

அப்பாஸ் முதல் அன்சாரி வரை

இச்சாவைக் கண்டபோது தமிழ்நாட்டார்க்கு இன்னொரு சாவு நினைவுக்கு வந்திருக்கும். 1995ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'குருதிப்புனல்' படத்தில் ஆதிநாராயணனும் அப்பாஸும் இணைபிரியாத காவல் அதிகாரிகள். பி. சி. ஸ்ரீராம் இயக்கிய அப்படத்தில் கமல்ஹாசன் ஆதியாகவும் அர்ஜுன் அப்பாஸாகவும் நடித்தனர். கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கால்' என்னும் இந்திப் படத்தைத் தழுவியது அது. அக்காலத் திரைப்படங்களில் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று உடைந்த தமிழ் பேசி வட்டிக்கோ அத்தருக்கோ வந்துபோகும் 'பாய்'களைக் கண்டு சலித்திருந்த நமக்கு, அப்பாஸ் பெரும் ஆறுதலாக இருந்தான். தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, தமிழிலேயே தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய டெல்டாவின் முஸ்லிம் வீடுகளில் அந்த ஆறுதல் சிறியதன்று.

ஆனால் கதையின் நெஞ்சு எவரிடம் இருக்கிறது? தன் குடும்பத்தின் உயிருக்கு அஞ்சி ஆதி எதிரிக்குப் பணிகிறான், தோழனுக்கும் பணிக்கும் துரோகம் செய்கிறான், வெந்து புழுங்குகிறான். இறுதியில் அவனும் மடிகிறான். ஆயினும் தடுமாறவும் வீழவும் வருந்தவும் அவனுக்கு முழுப் படமும் தரப்பட்டிருக்கிறது. அப்பாஸுக்குத் தரப்பட்டவை இரண்டே: விசுவாசம், மரணம். அவன் ஒரு கணம் தடுமாறியிருந்தால் அரங்கம் என்ன நினைத்திருக்கும்? அந்த அச்சமே அவனைத் தடுமாறவிடவில்லை.

அப்பாஸுக்கும் அன்சாரிக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள். நல்லெண்ணம் கொண்ட கலைஞர்கள் அன்றும் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். ஆயினும் முஸ்லிம் காவலனுக்கு அவர்கள் எழுதும் விதி மாறவில்லை. அவன் மாசற்றவனாக இருக்க வேண்டும்; பிறகு இறக்க வேண்டும். அவனது சாவே அவனது நாட்டுப்பற்றுக்குச் சான்றிதழாகிறது.

இது திரையோடு நின்றுவிடும் செய்தியா? அன்று. 2006ஆம் ஆண்டுச் சச்சார் குழு அறிக்கை, இந்தியக் காவல் பணி அதிகாரிகளுள் முஸ்லிம்கள் 4 விழுக்காடே என்று காட்டியது. 2001 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு 13.4 விழுக்காடு. 'காமன் காஸ்' அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் 2019இல் வெளியிட்ட அறிக்கைக்காக 21 மாநிலங்களில் சுமார் 12,000 காவலர்களிடம் கேட்டபோது, முஸ்லிம்கள் இயல்பாகவே குற்றம் புரியும் நாட்டமுடையவர்கள் என்று ஏதோ ஓர் அளவில் கருதுவோர் இருவருள் ஒருவராக இருந்தனர். அந்த இருவருள் ஒருவரோடுதான் அன்சாரிகள் நாளும் ஒரே வண்டியில் ஏறுகின்றனர்.

"அப்படியானால் முஸ்லிம் காவலனைக் குறையுள்ளவனாகக் காட்டச் சொல்கிறீரா? இருக்கும் வெறுப்பு போதாதா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வில்லனாகக் காட்டும் வழக்கம் ஒழியாத நாளில் நல்லவனாகக் காட்டுவது ஒரு மருந்துதான். ஆனால் மருந்தையே நாள்தோறும் உணவாக உண்ண முடியுமா? குறையற்றிருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்பது நட்பாகாது. அது தவணை முடியாத கடன். கடன்காரன் ஒரு தவணை தவறினாலும் அவமானப்படுவான். தோழன் பத்துத் தவறு செய்தும் தோழனாகவே இருப்பான்.

நம் வீட்டிலும்

இவ்வெண்ணம் எனக்குத் தொடரைப் பார்த்துமட்டும் வந்ததன்று. என் தமக்கையின் மகன் காவலர் பணிக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று வீடு நிறைந்த மகிழ்ச்சி. தமிழ்நாட்டில் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபின் நம் பிள்ளைகளும் துணிந்து காக்கிப் பணிக்கு விண்ணப்பிக்கின்றனர். அவன் தலையில் கை வைத்து துஆ செய்த அவன் அத்தா, "மத்தவன் ஒரு தப்புப் பண்ணினா அது அவன் தப்பு. நீ பண்ணினா நம்ம எல்லாருக்கும் தலைக்குனிவு. பாத்து நடந்துக்க" என்றார். நானும் தலையாட்டினேன். விடுப்பில் வந்திருந்தபோது அவனோடு அமர்ந்து 'பாதாள் லோக்' பார்த்தேன். பார்த்து முடித்ததும், "மாமா, அத்தா சொன்ன மாதிரியேதான் அன்சாரி இருந்தார், இல்லையா?" என்று கேட்டான். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. அன்சாரியை மும்பாயில் உட்கார்ந்து ஒருவர் மட்டும் எழுதவில்லை. நாமும் நம் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என்று பள்ளிவாசல்கள் வரிசையாக வரும். ஒரு ரமலான் மாலையில் அவற்றுள் ஒன்றின் வாசலில் நோன்புக் கஞ்சிக்கு நின்றிருந்தேன். ரோந்து வந்த இரு காவலர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினர். ஒருவர் நடுவயது ஏட்டு, நெற்றியில் திருநீறு. மற்றவன் நம் பிள்ளை. ஏட்டு கையில் தூக்குவாளியோடு இறங்கிக்கொண்டே, "ஏம்ப்பா, நோன்பு வச்சது நீ. காலையிலேருந்து டீ குடிக்காம அலையறது நானா?" என்றார். அவன் சளைக்காமல், "அண்ணே, நீங்க மாலை போட்டப்ப ஒரு மண்டலம் எனக்குப் பிரியாணி போச்சே, அதுக்கு இது சரியாப் போச்சு" என்றான். வரிசையில் நின்றவர் அனைவரும் சிரித்தோம். ஏட்டுதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

அங்கே எவரும் எவருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை. ஒருவர் பசியையும் மற்றவர் ஆசையையும் சொல்லி இருவரும் சிரித்தனர், அவ்வளவே. அந்த மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்து போகும் ஒரு கதையைத் தமிழில் எவரேனும் எழுத வேண்டும். அதில் நம் பிள்ளை சிலவேளை சோம்பலாக இருக்கட்டும், ஏட்டிடம் திட்டு வாங்கட்டும், ஏட்டையும் திட்டட்டும், பதவி உயர்வு கிடைக்காமல் புலம்பட்டும். கதை முடியும்போது அவன் உயிரோடு வீடு வந்து சேரட்டும்.

அவ்வாறான கதை வரும்வரை, நம் கூடத்தில் நாம் எழுதும் கதையையாவது திருத்திக்கொள்வோம். அடுத்த முறை என் மருமகன் பணிக்குப் புறப்படும்போது, "நல்லபடியா போயிட்டு வா" என்று மட்டுமே சொல்வதென்று இருக்கிறேன்.