ஐந்து கட்டங்களுக்குள் அடங்காத உழைப்பு

'தொடங்கிய வேலையை முடிக்காமல் விடமாட்டேன்.' வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடத்தும் ஆளுமைத் தேர்வுகளில் இந்த மாதிரி வாக்கியங்கள்தான் வரிசையாக வரும். 'முழுக்க ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும். இதை மரக்காணத்து உப்பளத்தில் நின்று படித்துப் பார்ப்போம். பாத்தியில் உப்புநீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிப்பதற்குள் ஒரு கோடைமழை பிடித்தால் போதும், பட்ட பாடெல்லாம் கரைந்துபோகும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வேலையே கிடையாது. வேலை முடியாமல் போனது மனத்தாலா, மழையாலா என்று அந்த ஐந்து கட்டங்களும் கேட்பதில்லை.

அதற்காக இத்தேர்வுகளைக் கிளிஜோசியம் என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த பாரிக், மவுண்ட் இருவரும், பொறுப்புணர்வு என்ற பண்புக்கு எல்லா வகை வேலைகளிலும் செயல்திறனோடு தொடர்பு உண்டு என்று 1991இல் காட்டினார்கள். தொடர்பு உண்மைதான், ஆனால் மெலிது. ஆய்வாளர் சாக்கெட்டின் குழுவினர் 2022இல் மறுகணக்கிட்டபோது அது 0.19 ஆக நின்றது. ஆளுக்கு ஆள் திறனில் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு 4 பங்கைக்கூட இது விளக்காது. அதுவும், இத்தேர்வுகள் பெரும்பாலும் படித்த, வசதியான நாடுகளில் உருவான அளவுகோல்கள். 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் 2019இல் வந்த ஆய்வு, வளரும் நாடுகளில் இத்தகைய கேள்விகளை நேரில் கேட்டுப் பதிந்த விடைகளைச் சோதித்தது. அளக்க நினைத்த பண்புகளை அக்கேள்விகள் பல இடங்களில் சரியாக அளக்கவில்லை. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று தலையாட்டும் போக்கு அதற்கு ஒரு காரணம்.

'சிபாரிசையும் சாதியையும் பார்த்து ஆள் எடுப்பதைவிட இது மேல் அல்லவா?' என்று கேட்கலாம். மேல்தான், வினாத்தாளுக்கு மாமன் மச்சான் இல்லை. ஆனால் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவில் மதிப்பெண் போடும் நேர்காணலும் அந்தக் குறையைப் பெருமளவு போக்கும். சாக்கெட் கணக்கில் அதன் தொடர்பு 0.42. தவிர, எந்தக் கட்டத்தில் குறியிட்டால் வேலை கிடைக்கும் என்பது விண்ணப்பிப்பவருக்குத் தெரியாத ரகசியமல்ல. வேலை அவசியமாகத் தேவைப்படுகிறவரிடம் உண்மை விடையை எதிர்பார்ப்பது அவரைச் சோதிப்பதல்ல, சிக்கவைப்பது.

வேலைக்கு எடுத்த பிறகு, எவருக்கு எந்தப் பணி பிடிக்கும் என்று பேசத் தொடங்க இத்தேர்வு உதவட்டும். வாசலிலேயே ஆளைக் கழித்துக்கட்ட உதவக் கூடாது. ஒருவரின் உழைப்பை அறிய வேண்டுமானால், ஒரு நாள் வேலை கொடுத்துப் பார்க்கலாம். அந்த நாளுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.