ஒண்டிப்புழு

2025-ல் காலமான பெரு நாட்டு நாவலாசிரியர் மரியோ வர்கஸ் லோசா, இளம் நாவலாசிரியன் ஒருவனுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு சிறு புத்தகத்தை 1997-ல் வெளியிட்டார். முதல் கடிதத்திலேயே, எழுதும் வேட்கையை வயிற்றிலிருக்கும் நாடாப்புழுவுக்கு ஒப்பிடுகிறார். 19-ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் சிலர் இடை மெலிவதற்காக அதை விழுங்கினார்களாம். அப்புறம் அவர்கள் உண்டதெல்லாம் புழுவுக்குத்தான். எழுத்தாளன் கதியும் அதுவே: காண்பதும் கேட்பதும் உள்ளே இருப்பதற்குத் தீனி.

அருவருப்பான உவமை. ஆனால் ஸ்பானிய மொழியில் அதற்கு ஒரு சோகமும் உண்டு. அங்கே அந்தப் புழுவின் பெயர் 'ஸொலிதாரியா'; தனித்திருப்பவள் என்று அர்த்தம். சொல்லைக் கேட்டதுமே எழுத்தாளனின் தனிமை வாசகன் காதில் விழுந்துவிடுகிறது. நம்முடைய நாடாப்புழுவில் அது எங்கே? பாவாடை நாடா, விளக்கு நாடா, கட்டில் நாடா என்று வடிவம்தான் தெரிகிறது. விஞ்ஞானிகள் வைத்த 'டீனியா'வுக்கும் கிரேக்கத்தில் நாடா என்றே பொருள். மொழிபெயர்ப்பாளன் என்ன செய்வான்?

இம்மாதிரிச் சங்கடங்களில் எனக்கு ரஸிகமணி டி.கே.சி.யின் நினைவு வரும். தென்காசிக்காரர், 1954-ல் மறைந்தார். குற்றாலத்தில் அவர் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தார்கள். பண்டிதர் ஏட்டில் அல்ல, ஜனங்களின் வாய்ப்பேச்சில்தான் தமிழ் உயிரோடிருக்கிறது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியை ஒப்புக்கொண்டு குற்றாலத்துக்கே போய் நின்று பாருங்கள். சாரல் வலுத்ததும் ஜனங்கள் கடை இறவாரத்தில் ஒண்டுகிறார்கள். பிறர் கூரையின் கீழ் இடம் பிடிப்பதுதான் ஒண்டுவது. பட்டணத்து ஒண்டுக்குடித்தனமும் அதுதான். குடும்பமில்லாதவனோ ஒண்டிக்கட்டை. தனிமையும், அந்நியர் வீட்டில் தொற்றிக்கொண்டிருப்பதும் ஒரே ஓசையில் வந்துவிடுகின்றன. 'ஒண்டிப்புழு' என்று பெயர்த்தால் லோசாவுக்கு நஷ்டமில்லை. ஸ்பானியத்தில் கிடைக்காத இரண்டாவது பொருள் அவருக்கு இனாம்.

உவமையில் ஒரு குறை மட்டும் உண்டு. அந்தப் புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை, தோலாலேயே உறிஞ்சுகிறது. பல மீட்டர் வளர்ந்தும், அது இருப்பதே அநேகருக்குத் தெரிவதில்லை. எழுத்தாளனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவன் வீட்டாருக்கும்தான். மருந்து சாப்பிட்டும் தலை மட்டும் குடலில் தங்கிவிட்டால் மறுபடி வளரும் என்கிறார்களே, அங்கேதான் உவமை பலிக்கிறது. எழுத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிப் போய், பத்து வருஷம் கழித்துக் கையெழுத்துப் பிரதியோடு வந்து நிற்பவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகை ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.