பெசோஸ் கடிதங்கள்: ஒரு மதிப்பீடு

இணைய வணிகத்தில் பேரிடம் பெற்ற அமேசான் நிறுவனத்தை 1994இல் தோற்றுவித்தவர் ஜெப் பெசோஸ் ஆவார். 1997ஆம் ஆண்டறிக்கை முதல் 2020ஆம் ஆண்டறிக்கை வரை அவர் பங்குதாரர்க்கு எழுதிய கடிதங்கள் வெறும் வரவு செலவுக் குறிப்புகள் அல்ல. ஒரு பெருநிறுவனம் எவ்வாறு சிந்தித்து முடிவெடுக்கின்றது என்பதைக் கூறும் உரைநடைத் தொகுதியாகவே அவற்றைக் கொள்ளலாம். ஆகவே, அவற்றின் நிறையையும் குறையையும் ஆராய்தல் தகும்.

2015ஆம் ஆண்டுக் கடிதம் முடிவுகளை இருவகையாகப் பகுக்கின்றது. புகுந்தபின் திரும்ப இயலாத ஒருவழிக் கதவு போன்றவை ஒருவகை. உள்ளே சென்று பார்த்து, ஒவ்வாதாயின் மீண்டு வரத்தக்க இருவழிக் கதவு போன்றவை மற்றொருவகை. முன்னதை ஆழ்ந்து ஆய்ந்தே எடுத்தல் வேண்டும். பின்னதைத் தகுதியுடைய ஒருவரோ சிறு குழுவோ விரைந்து எடுக்கலாம். நிறுவனம் பெருகப் பெருக, சிறு முடிவுக்கும் பெருமுடிவுக்குரிய சடங்குகளைச் செய்து மந்தமாகிவிடும் என்பது பெசோஸின் வாதம். எளிய உவமையால் அரிய கருத்தை விளக்கிய திறம் பாராட்டத்தக்கது.

அடுத்த ஆண்டுக் கடிதம், வேண்டிய செய்திகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு கிடைத்ததும் முடிவெடுப்பதே பெரும்பாலும் நன்று என்கின்றது. கருத்து மாறுபட்டவரும் முடிவான பின் முழுமனத்துடன் ஒத்துழைத்தல் வேண்டும் என்னும் நெறியையும் வலியுறுத்துகின்றது. இந்நெறி பணியாளர்க்கு மட்டும் உரியதன்று. தாம் ஐயுற்ற ஒரு நிகழ்ச்சித் தயாரிப்புக்குத் தாமே இணங்கியதை அவர் சான்றாகக் காட்டுவது அறிவுரைக்கு வலிமை தருகின்றது.

2017ஆம் ஆண்டுக் கடிதம் தமிழாசிரியர் உள்ளத்தைப் பெரிதும் கவரும். அமேசான் கூட்டங்களில் படவில்லைக் காட்சிகளுக்கு இடமில்லை என்றும், ஆறு பக்க உரைநடைக் குறிப்பொன்றை அனைவரும் அமைதியாகப் படித்த பின்னரே பேச்சு தொடங்கும் என்றும் அது கூறுகின்றது. நல்ல குறிப்பு ஓரிரு நாளில் அமையாது. பலமுறை திருத்தி எழுத ஒரு வாரமோ அதற்கு மேலோ வேண்டும் என்பது அவர் கருத்து. இம்முறையின் பயன் வெளிப்படை. துண்டு துண்டான குறிப்புகளில், காரணமும் விளைவும் இணையாத இடம் மறைந்துவிடும். எழுவாயும் பயனிலையும் இணைப்புச் சொல்லும் கொண்ட வாக்கியத்தில் அது மறைவது அரிது. கட்டுரைப் பயிற்சி தேர்வுக்கு மட்டுமே உரியதென்று எண்ணுவார்க்கு இஃது ஏற்ற விடையாகும்.

எனினும், கதவு உவமையில் ஒரு குறை உண்டு. மீண்டு வரத்தக்கவர் யாவர் என்னும் வினாவை அஃது எழுப்புவதில்லை. கிடங்கு வேலையின் வேகத்தை உயர்த்தும் முடிவொன்றை எந்த நிறுவனமும் அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம்; அதற்கு அஃது இருவழிக் கதவே. இடைப்பட்ட காலத்தில் முதுகு நோவுற்று வேலையிழந்த தொழிலாளிக்கோ அஃது ஒருவழிக் கதவாகிவிடும்.

தொழிலாளரைக் கடிதங்கள் அறவே மறந்தன எனல் பொருந்தாது. கிடங்குப் பணியாளர் வேறு தொழில் கற்பதற்கான கட்டணத்தில் 95 விழுக்காட்டை நிறுவனம் முன்னதாகவே செலுத்துவதை 2013ஆம் ஆண்டுக் கடிதம் எடுத்துரைக்கின்றது. ஆயினும், அங்கே அவர்கள் உதவி பெறுவோராக வருகின்றனரேயன்றி, முடிவெடுப்பதில் பங்குகொள்வோராக வருவதில்லை. அலபாமா மாநிலத்துப் பெஸ்ஸமர் கிடங்கில் தொழிற்சங்க வாக்கெடுப்பு நடந்தபின், 2021 ஏப்ரலில் வெளிவந்த இறுதிக் கடிதம், பணியாளர் நலன் குறித்து மேலும் சிறந்த நோக்கு தேவை என ஒப்புக்கொள்கின்றது. வேலையில் நேரும் காயங்களுள் ஏறத்தாழ 40 விழுக்காடு தசை, எலும்பு பற்றியவை என்றும் தெரிவிக்கின்றது.

முடிவெடுக்கும் முறையை இத்துணைத் தெளிவாக விளக்கிய கடிதங்கள், முடிவின் சுமை யார்மேல் விழுகின்றது என்பதையும் தொடக்கம் முதலே அதே தெளிவுடன் ஆராய்ந்திருப்பின் முழுமை பெற்றிருக்கும். ஆறு பக்கக் குறிப்பில் அவ்வினாவுக்கு ஒரு பத்தி ஒதுக்குதல் அரிய செயலன்று.