கண்ணிலான் கண்ட ஊழ்

கிரேக்க அவல நாடகங்களைப் பற்றிப் பேசுவோருட் பலர் ஒரு கருத்தை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். அந்நாடகங்களில் ஊழே தலைவன். மாந்தர் அதன் கையிற் பாவைகள். குருட்டுத் தீர்க்கதரிசி அவ்வூழின் வாய் என்பதே அக்கருத்து. இதனை ஏற்றவர்க்கு அடுத்தாற்போல் ஒரு வினா எழுதல் இயல்பு. ஊழை இத்துணை ஆழமாக நம்பிய தமிழரிடத்தே அத்தகைய அவல நாடகம் ஏன் தோன்றவில்லை? வினா நன்று. அதன் அடியிற் கிடக்கும் கருத்தே பிழையுடையது.

சொபோக்கிளிசு இயற்றி, ஏறத்தாழ கி.மு. 429இல் அரங்கேறியதாகக் கருதப்படும் 'ஈடிப்பசு மன்னன்' என்ற நாடகத்தை முதலில் நோக்குதல் தகும். தீப்சு நகரிற் கொள்ளைநோய் பரவுகின்றது. முன்னிருந்த மன்னன் இலாயசைக் கொன்றவனை நாட்டினின்றும் நீக்கினாலன்றி நோய் தீராது என அப்பொலோவின் வாக்குக் கிடைக்கின்றது. கொலைஞனைக் கண்டறிய ஈடிப்பசு மன்னன் தைரீசியசை அழைப்பிக்கின்றான். விழியிழந்த அம்முதியவன் ஒரு சிறுவனின் கைபற்றி வருகின்றான்; வந்தவன் வாய்திறக்க மறுக்கின்றான். தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுமாறு மன்றாடுகின்றான். இவ்விடம் கூர்ந்து நோக்கற்பாலது. ஊழின் தூதுவன் ஊழை உரைக்க விரும்பவில்லை. உண்மையைக் கறந்தெடுப்பது மன்னனின் சினமே. மேடையேற்றுவோர் சிலர் தைரீசியசைத் தொடக்கத்திலிருந்தே இடிபோல முழங்க வைக்கின்றனர். அஃது இக்காட்சியின் உயிரையே போக்கிவிடும்.

பேசத் தொடங்கியபின் அவன் கூறுவன யாவை? வருவதைக் காட்டிலும் வந்துவிட்டதையே அவன் பெரிதும் கூறுகின்றான். தேடப்படும் கொலைஞன் தேடுகின்ற மன்னனே. அவன் தன் நெருங்கிய உறவோடு முறைகெட வாழ்ந்து வருகின்றான். தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் நாடகம் தொடங்குமுன்னரே நடந்து முடிந்தவை. ஊழ் தன் வேலையை ஆண்டுகள் பலவற்றுக்கு முன்னரே முடித்துவிட்டது. அரங்கில் நிகழ்வது ஊழின் செயலன்று, ஒரு மனிதனின் உசாவல். யொக்காசுற்றா நிறுத்தும்படி கெஞ்சுகின்றாள். முதிய இடையன் நிறுத்தும்படி கெஞ்சுகின்றான். ஈடிப்பசு நிறுத்தவில்லை. அந்த உறுதியை எந்தத் தெய்வ வாக்கும் அவனுக்கு விதிக்கவில்லை. ஈற்றில் மனைவியின் ஆடையிற் குத்தியிருந்த பொன்னூசிகளால் தன் விழிகளைக் குத்திக் கொள்கின்றான். துன்பத்தைத் தந்தவன் அப்பொலோ, குத்திய கையோ தன் கையே என்று அவனே வேறுபடுத்திக் கூறுகின்றான். பாவைக்கு அவ்வாறு கூறும் நா இல்லை.

கண்ணுடைய மன்னன் கண்ணிலானை நோக்கிக் குருடன் என இகழ்ந்ததும், இகழ்ந்தவனே குருடனாய் வெளியேறுவதும் யாவரும் அறிந்த முரண். அதனினும் ஆழமான ஒன்றுண்டு. தைரீசியசு அறிந்தும் எதனையும் மாற்ற வல்லவனல்லன். 'அந்திகனி' நாடகத்திலும் இதே நிலைதான். கிரெயோன் அவனைப் பணத்துக்கு விலைபோனவன் என்கின்றான். பின்னர் அஞ்சி மனந்திரும்புகின்றான். ஆனால் முதலிற் பிணத்தை அடக்கஞ் செய்துவிட்டுக் குகைக்குச் செல்வதற்குள் அந்திகனி தூக்கிட்டு இறந்துவிடுகின்றாள். ஒருபொழுது தாழ்த்தமையே அங்கே அழிவாகின்றது. ஈசுக்கிலசின் கசாந்திரா கண்ணுடையவள். அவளுக்கோ கேட்போரின் நம்பிக்கை மறுக்கப்பட்டது. அறிவு உண்டு, ஆற்றல் இல்லை. கண்ணின்மை இந்நிலையின் புறவடிவமே.

இனித் தமிழுக்கு வருவோர் சிலப்பதிகாரத்தையன்றி வேறெதனையும் முதலில் எடுக்க இயலாது. ஊழ்வினை உருத்து வந்து பயனூட்டும் என்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே அக்காப்பியம் கொண்டுள்ளது. எனினும் கோவலனின் முடிவை முன்னறிந்து கூறும் தைரீசியசு அங்கே இல்லை. தீக்கனாக்களும் தீநிமித்தங்களும் உள. தெளிவாக உரைப்பார் இல்லை. மதுரை எரிந்தபின்னரே மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றுகின்றது. சிங்கபுரத்தில் முற்பிறப்பிற் பரதன் என்பானாயிருந்த கோவலன் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் எடுத்துரைக்கின்றது. அதுவும் நடந்ததையே கூறுகின்றது. ஆயின் அழிவைத் தூண்டுவதற்கன்று, ஆற்றுவதற்கு.

பாண்டியன் நெடுஞ்செழியனோ ஈடிப்பசுவுக்கு உடன்பிறந்தான் போன்றவன். இருவரும் நீதி வழங்கும் இருக்கையில் இருந்தவர்கள். குற்றவாளி பிறனல்லன், தானே என்று அவ்விருக்கையிலேயே கண்டவர்கள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணமே பாண்டியன் உயிர்விடுகின்றான். ஈடிப்பசு உயிர்விடாமல் விழியை விடுகின்றான். தமிழில் அவல உணர்வே இல்லை என்பார்க்கு வழக்குரை காதை ஒன்றே போதிய விடை.

வருவதுரைத்த நிமித்திகன் ஒருவனும் அக்காப்பியத்தில் உளன். மூத்தோனாகிய செங்குட்டுவன் இருக்க இளையோனே அரசாள்வான் என அவன் கூறினான். அதனைக் கேட்ட இளங்கோ அரசைத் துறந்து அவ்வாக்கைப் பொய்யாக்கினார். தெய்வ வாக்குக்கு அஞ்சி இலாயசு தன் மகவின் கால்களைத் துளைத்துக் காட்டில் எறிவித்தான். அச்செயலே வாக்கை மெய்யாக்கிற்று. ஒருவன் பிறனை இழந்து தப்ப முயன்றான். மற்றவர் தமக்கு வரவிருந்ததையே விட்டுவிட்டார். ஊழிலிருந்து தப்பும் வழி ஒன்றுண்டென்று கிரேக்கர் கருதாத இடத்தில் தமிழ்க் காப்பியம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது.

அந்நிகழ்ச்சி கூறப்படும் வரந்தரு காதையிலேயே இலங்கைக் கயவாகு மன்னனும் இடம்பெறுகின்றான். அப்பெயரோடு கண்ணிழந்த கதையொன்று திருகோணமலை மாவட்டத்தில் வழங்குகின்றது. தம்பலகாமத்து வயல்களுக்கு நீரூட்டும் குளமுடைய கந்தளாயே அக்கதையின் களம். கோணேசர் கோயிலுக்குத் தீங்கு நினைந்து வந்த கயவாகு கண்ணொளி இழந்தான். பின் மனந்திருந்திச் சிவனை வழிபட்டு ஒளி பெற்றான். கண் தழைத்த இடமாதலின் அது கந்தளாயாயிற்று என்பர். சொல்லாராய்ச்சியாளர் இப்பெயர்க் காரணத்தை ஏற்பது அரிது. கதையின் தலைவன் சிலப்பதிகாரக் கயவாகுவும் அல்லன். 12ஆம் நூற்றாண்டில் ஆண்டு, இறுதிக் காலத்தைக் கந்தளாயிற் கழித்த இரண்டாம் கயவாகுவின் நினைவே இதில் உறைந்திருத்தல் கூடும். எனினும் திறனாய்வுக்கு இக்கதை பெரிதும் பயன்படும். குற்றம், கண்ணிழப்பு, உணர்தல் என ஈடிப்பசுவின் கதைக்குரிய உறுப்புகள் இதிலும் உள. நான்காவதாக ஓர் உறுப்பு மிகுந்திருக்கின்றது: இழந்த கண் மீள்கின்றது. திருவொற்றியூரிற் சூளுறவு பிழைத்துப் பார்வையிழந்த சுந்தரருக்கும் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் மீண்டன.

ஆகவே, அவலத்தைத் தடுத்தது ஊழ் நம்பிக்கையன்று. ஊழுக்கு மேலும் ஒன்றுண்டு என்ற நம்பிக்கையே. திருகோணமலைக் கோட்டை வாயிற் கல்லோடு தொடர்புபடுத்தப்படும் தீர்க்கதரிசனப் பாடலும் இதற்குச் சான்று. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்றும், பின் ஆள்வோர் இன்னின்ன நிறக் கண்ணினர் என்றும் அது கூறுகின்றது. வருவோரைக் கண்ணால் அடையாளங் காட்டும் தீர்க்கதரிசனம் இது. நடந்தபின் எழுந்ததோ என்ற ஐயம் நீங்காது, கல்லும் சிதைந்துள்ளது. வாக்கு எக்காலத்தது ஆயினும் அழிவு நிகழ்ந்தது. 1620களிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கிரேக்கக் கவிஞன் அவ்விடத்தில் நாடகத்தை நிறுத்தியிருப்பான். இங்கே அடியார் திருவுருவங்களை மறைத்துக் காத்தனர். தம்பலகாமத்தில் ஆதிகோணேசுவரம் எழுந்தது. 1950இல் திருகோணமலையில் மண்ணிலிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இற் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மீட்சியோடு முடியும் கதையையே கேட்டுப் பழகிய மக்கள் ஈடிப்பசுவின் முடிவைப் பொறுப்பது அரிது. அதனை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் அப்பழக்கத்தோடு கிரேக்க நாடகத்தைப் படிப்பவர் அதன் கடைசிக் காட்சியில் ஓர் ஆறுதலைத் தாமாகவே புகுத்திவிடும் ஆபத்து உண்டு. மாணவர் கட்டுரைகளில் ஈடிப்பசு தண்டனை பெற்றுத் தூய்மையடைந்தான் என்னும் வாக்கியம் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுவே. 'ஈடிப்பசு மன்னன்' என்ற நாடகத்தில் அத்தகைய தூய்மை எங்கும் கூறப்படவில்லை.

சொபோக்கிளிசு அதனை முற்றாக மறந்தவரும் அல்லர். கி.மு. 406இல் அவர் இறந்தபின், 401இல் அரங்கேறிய 'கொலோனசில் ஈடிப்பசு' என்ற நாடகத்தில் முதிய குருடன் மகளின் கைபற்றி வருகின்றான். தைரீசியசைப் போலவே தன் மைந்தரின் அழிவை முன்கூட்டி உரைக்கின்றான். இறுதியில் இடி முழங்குகின்றது. அதுவரை பிறரால் நடத்தப்பட்டவன் எழுந்து, தீசியசும் பெண்மக்களும் பின்தொடரத் தான் முன்னே வழிகாட்டி நடக்கின்றான். விழிகள் மட்டும் திறக்கவில்லை.