கேமராவுக்கு முந்தைய செலவு

பத்தாயிரம் ரூபாயில் வீட்டைப் பாதுகாக்க வேண்டும் என்றால் பலரும் முதலில் விசாரிப்பது சிசிடிவி கேமராவைத்தான். அதன் பயனை மறுக்கவில்லை. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைச் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். திருட்டுப் போனால் போலீஸிடம் காட்ட ஒரு முகமாவது கிடைக்கும். ஆனால் கரண்ட் போனால் ரூட்டரோடு அதுவும் அணைந்துவிடும். பதிவுப் பெட்டி டிவி ஸ்டாண்டிலேயே இருந்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான்.

கதவுக்கு வருவோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டே தொங்கினாலும், திருடன் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை, கொண்டியை நெம்புகிறான். அரை அங்குல ஸ்க்ரூ கடப்பாரைக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டு முடுக்கும் போல்ட் போட்டால், ஆசாரி கூலியோடு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கேமராவைவிட இது மேல்.

இதற்கும் முன்னால் நான் வைப்பது, மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை. நகை போனால் திரும்பச் சேர்க்கலாம், உயிர் போனால் முடியாது. “எம்.சி.பி. இருக்கிறதே” என்பார்கள். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டவரின் உடம்பு வழியே ஓடும் கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆர்.சி.சி.பி. போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். விலை சுமார் இரண்டாயிரம். குறையும் உண்டு: பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அதற்குத் தெரியாது. பழைய ஒயரிங்கில் மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்து உயிரை வாங்கும். தொல்லை தாங்காமல் பைபாஸ் செய்துவிடும் எலக்ட்ரீசியன்களும் உண்டு. கசிவைத் தேடுவதுதான் எலக்ட்ரீசியனின் வேலை, ஆர்.சி.சி.பி.யை ஊமையாக்குவதல்ல. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை வீட்டில் செய்கிறார்கள்?

கேஸ் கசிவு அலாரத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். சீலிங் ஓரம் அலாரத்தை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் சிறு பங்கு போதும், ஐந்து வருடம் கடந்த டியூபை மாற்ற. தேதி டியூபிலேயே அச்சாகியிருக்கும்.

வாடகை வீடு என்றால் மெயின் பாக்ஸில் கைவைக்க ஓனரைக் கேட்க வேண்டும். ஆர்.சி.சி.பி. செலவை வாடகையில் கழித்துக்கொள்ளப் பேசிப் பார்க்கலாம். மறுத்தால், அனுமதியை மட்டும் வாங்கிச் சொந்தக் காசிலேயே போட்டுவிடுங்கள். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.