அசிசியார் வரலாறுகளில் தொழுநோயாளர்

அசிசி நகரத்துத் தூய பிரான்சிசு வறுமையை ஏற்ற வரலாற்றைக் கேளாதார் சிலரே. துணி வணிகராகிய தந்தையார் ஆயர் முன்னிலையில் வழக்குரைக்க, மகனார் உடுத்திருந்த ஆடையையும் களைந்து அவர்பால் ஈந்தார் என்பதனை அவ்வரலாற்றின் உயிர்நிலையாக ஓவியரும் நூலோரும் கொண்டனர். அவர்தம் வறுமைநெறிக்கு அந்நிகழ்ச்சியே தோற்றுவாயா என்பது ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வினா.

1226-இல் இறப்பதற்கு முன்னர் அசிசியார் உரைத்த இறுதிச் சாசனம் நமக்குக் கிடைத்துள்ளது. அதன்கண் தந்தையும் இல்லை. ஆயரின் மன்றும் இல்லை. களைந்த ஆடையும் இல்லை. முதற்கண் நிற்போர் தொழுநோயாளரே. அவரைக் காண்டலும் கசந்த தம்மை இறைவன் அவரிடை அழைத்துச் சென்றான் என்றும், அவர்பால் இரங்கிய பின்னர்க் கசந்தது இனித்தது என்றும், சிறிது காலம் கழித்து உலகை நீத்ததாகவும் அவர் கூறுகின்றார். இம்முறைவைப்பு நுணுகி நோக்கற்பாலது. தொழுநோயாளர் முன், துறவு பின்.

புனிதர் பட்டம் அளிக்கப்பெற்ற 1228-ஆம் ஆண்டினை ஒட்டி, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியின் ஆணையால் முதல் வரலாற்றை யாத்தவர் செலானோ ஊரினராகிய தோமா. இவர் சாசனத்தை அறிந்தவர். அதனை எடுத்தும் காட்டுகின்றார். ஆயினும் ஆடைகளைந்த நிகழ்ச்சியை முதலிற் கூறி, தொழுநோயாளரை அதன்பின்னரே வைக்கின்றார். ஒரு தொழுநோயாளரை முத்தமிட்டது உலகியல் உடையில் இருந்த காலத்தது என்று தாமே கூறியும் அவ்வாறு வைத்தமை வியப்பிற்குரியது. கதைச்சுவை காலமுறையை வென்றது போலும்!

1246, 1247-ஆம் ஆண்டுகளில் அவரே இயற்றிய இரண்டாம் வரலாற்றில் மற்றொரு மாற்றம் புகுந்தது. முத்தமிட்டுக் குதிரையேறித் திரும்பி நோக்கியபொழுது அத்தொழுநோயாளர் வெட்டவெளியில் மறைந்துவிட்டார் என்கின்றது அந்நூல். பொனவெந்தூராரும் தம் பெருவரலாற்றில் இதனையே தழுவினார். இருவரும் பின்னர் அசிசியார் தொழுநோயாளரை நாடிச் சென்றமையைக் குறிக்கின்றனர் என்பது உண்மையே. எனினும் கற்போர் நெஞ்சில் நிற்பது மறைந்த ஒருவரே. புண்ணோடும் நாற்றத்தோடும் மறையாதிருந்த பலர் அல்லர்.

இஃது அணிநயம் பற்றிய சிறு வேறுபாடு அன்று. ஆடைகளைதல் ஒருநாட் செயல். செய்தார்க்குப் புகழும் உண்டு. தொழுநோயாளரிடை வாழ்தலோ நாடோறும் செய்வது, காண்பாரும் இலர். சாசனம் கூறும் வறுமை பின்னதனைச் சார்ந்தது. ஒட்டுப்போட்ட ஓர் அங்கி, கைத்தொழில், வறுமைக்கு ஒவ்வாத உறையுளை ஏலாமை ஆகியன அதன் கூறுகள். தம் சொற்களுக்கு விளக்கவுரை புனையற்க என்றும் அசிசியார் விலக்கினார். 1230-இல் அதே கிரகோரியார் அச்சாசனம் துறவியரைக் கட்டுப்படுத்தாது என அறிவித்தார்.

இவற்றையெல்லாம் ஒரு சூழ்ச்சியெனக் கொள்வாருடன் யாம் உடன்படோம். பெருகிய சபைக்கு இல்லமும் நூலும் வேண்டியிருந்தன. தலைவராகிய பொனவெந்தூரார் அதனைப் பிளவுறாது காக்க முயன்றார். ஆனால் 1266-இல் பாரிசிற் கூடிய சபைப் பேரவை, அவர்தம் நூலை நிறுவி முந்தைய வரலாறுகளை அழிக்குமாறு ஆணையிட்டமைக்கு எவ்வமைதியும் கூறல் அரிது. தோமாவின் முதல் நூலை இன்று யாம் கற்க இயல்வது, அவ்வாணைக்கு உட்படாத சிஸ்டெர்சியர் முதலிய பிற துறவியர்தம் மடங்களிற் படிகள் எஞ்சியமையாலேயே.