தாகத்தை மறைக்கும் எண்

2021-இலும் 2022-இலும் கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கில், அங்குள்ள ஆற்று டெல்டாவுக்குத் தெற்கே இருந்த பல விவசாயிகளுக்கு அமெரிக்க அரசின் கால்வாயிலிருந்து ஒரு சொட்டும் ஒதுக்கப்படவில்லை. பாதாம் தோட்டங்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. நிலத்தடி நீருக்கும் கணக்குக் கேட்கும் சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. அந்த வறட்சியின் நடுவில், 2021 அக்டோபரில் வெளிவந்த இணையதளம் ‘ஓப்பன் ஈ.டி.’ நாசாவும் நெவாடாவின் பாலைவன ஆய்வு நிறுவனமும் கைகோத்த முயற்சி இது. கட்டணம் இல்லை.

வரைபடத்தில் ஒரு தோட்டத்தைத் தொட்டால், மண்ணிலிருந்து ஆவியாகியும் இலை வழியாகவும் போன தண்ணீர் மாதவாரியாக விரிகிறது. ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 22 சென்ட். ஏக்கருக்கு 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர். கோடையில் நாளுக்கு 6 மி.மீ. போனால், ஓர் ஏக்கரிலிருந்து மட்டும் 12,000 லிட்டர் லாரி இரண்டு காலி!

ஆனால் இது போன தண்ணீரின் கணக்கு. வரும் வாரத்துக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு, அமெரிக்க வானிலைச் சேவையின் ஏழு நாள் ஆவியாதல் முன்கணிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது 50 மி.மீ. என்று சொல்லி, பயிர்க் குணகம் (அந்த எண்ணைப் பயிருக்கு ஏற்ப மாற்றும் பெருக்கெண்) 1.1 ஆக இருந்தால் தேவை 55 மி.மீ.; ஏக்கருக்குச் சுமார் 2.2 லட்சம் லிட்டர். மழை பெய்தால் கழிக்க வேண்டும், குழாயில் வீணாவதைக் கூட்ட வேண்டும்.

வறட்சியில்தான் இந்தத் தளத்தைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் கிடைக்காத மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் வெளியேறுவது குறையும். திரையில் எண்ணும் இறங்கும். ‘செலவு குறைந்திருக்கிறதே’ என்று அதை நம்பி மோட்டாரை நிறுத்தினால், ஏற்கெனவே தவிக்கும் மரத்தை இன்னும் காயப்போட்டதாகும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழியும் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. அது தருவது ஆறு கணக்கீட்டு முறைகளின் கூட்டு முடிவு. அவற்றில் ‘சிம்ஸ்’ என்பது பயிரின் பசுமையை வைத்து, பயிருக்குத் தண்ணீர் போதுமானதாக இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. நிலத்தின் வெப்பத்தை வைத்துக் கணக்கிடும் முறைகளும் உண்டு. இலை மூடி, தோட்டம் சூடேறியதும் அவற்றின் எண் சரியும். கோடை நடுவில் இரண்டுக்கும் இடைவெளி விரிந்தால், பாசனக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முகப்பில் நிற்கும் கூட்டு எண்ணைவிட இந்த ஒப்பீடு பல மடங்கு பயனுள்ளது. தளம் இதையே முன்னால் வைத்திருக்கலாம்.

தளத்துக்குப் படம் தரும் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து ஓர் இடத்தை எட்டு நாளுக்கு ஒருமுறைதான் கடக்கின்றன. ஒரு முறை மேகம் மறைத்தால் பதினாறு நாள் இடைவெளி. மணற்பாங்கான தோட்டத்தில் அதற்குள் வேர் காய்ந்துவிடும். அங்கே மண்வெட்டியோடு போய், வேர் ஆழத்து மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் மோட்டார் போட வேண்டும்.